பெனிட்டாவின் மஞ்சள் வரிகள்

ஜனவரி 6, திங்கள்
நண்டு விலை விசாரிக்கப் போய் வேறு செய்தியோடு வந்தேன். அடுத்த வீட்டு பெனிட்டா பாடு முறைக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறாள். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்ற முறைதான் பாடு. ஊர்த் தலைவர் தனக்கோடி இதுவரை மனக்கணக்காக வைத்திருந்தார். போன மாதம் அதில் இரண்டு வீட்டாருக்குள் அடிதடி. வரும் ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். "பட்டியல் சரியா வந்தா ஏத்துக்குவோம். வம்பு வந்துச்சு, அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்" என்றிருக்கிறார்.

ஜனவரி 8, புதன்
அவள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். தவறு என்றால் சிவப்பில் எரர். சந்தேகம் என்றால் மஞ்சளில் வார்னிங். இரண்டும் ஒரே வடிவம்: கோப்பின் பெயர், வரி எண், ஒரு வாக்கியம். விளைவுதான் வேறு.
"சிவப்பு ஒண்ணு இருந்தாலும் புரோகிராமே வராது அங்கிள். மஞ்சள் எத்தினி இருந்தாலும் வந்துடும்."
"படிக்கிறாயா அதையெல்லாம்?"
"அதான் ஓடுதே!"

ஜனவரி 9
மஞ்சள் கூடியிருக்கிறது. ஆனாலும் வந்த பட்டியலை வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாள்.

ஜனவரி 10, வெள்ளி
அவள் அம்மா ஆரோக்கியமேரியின் குரல் தெருமுனை வரை கேட்டது. "இன்னாடி இது, ஞாயித்துக்கெழம எனக்குப் பாடு போட்டுக்கீது? பூசைல சாமியார் மேல வலை வீசவா?"
ஞாயிறு இங்கே யாரும் ஏரியில் இறங்குவதில்லை. அன்று முறை விழுந்தால் அந்த வீட்டுக்கு நஷ்டம் — பிறகு சண்டைதான். பெனிட்டா மஞ்சள் வரிகளை முதல்முறையாகப் படித்தாள். ஒன்று சொன்னது: 'ஓய்வுநாள் என்று அறிவித்திருக்கிறீர்கள், எங்கும் பயன்படுத்தவில்லை.' ஞாயிறை ஓய்வுநாள் என்று எழுதியவள், அதைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறாள். புதன்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

ஜனவரி 11, சனி
எல்லா வார்னிங்கையும் எரராகவே நடத்து என்று கம்பைலருக்குக் கட்டளையிட ஒரு வழி உண்டாம். போட்டுவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. புரோகிராம் வரவே இல்லை.
தனக்கோடி தலையில் கைவைத்தார். "ஓடறத எதுக்கும்மா நிறுத்தின?"
"தப்பா ஓடுது பெரியப்பா."
நாளைக்குள் முடிப்பாளா?

ஜனவரி 12, ஞாயிறு
பூசையில் பெனிட்டா தூங்கி விழுந்தாள். நல்ல அறிகுறி, இரவெல்லாம் உட்கார்ந்து முடித்திருக்கிறாள்.
கூட்டத்தில் தனக்கோடி பட்டியலை உரக்கப் படித்தார். ஞாயிறெல்லாம் காலி. கூட்டத்திலிருந்து மார்கரெட் மட்டும் எழுந்து, "பொங்கலன்னிக்குத்தான் எனக்குப் பாடு வரணுமா?" என்றார். "மீனுக்கு ஏது பொங்கல்?" என்றார் தலைவர். சிரிப்பு. பிறகு எல்லோருக்கும் டீ வந்தது. இந்த ஊரில் சம்மதம் என்றால் அதுதான்.

ஜனவரி 20, திங்கள்
அக்கரை ஊர்த் தலைவர் சகாதேவன் படகிலிருந்து இறங்கி, பெனிட்டா வீடு எது என்று கேட்டார்; அவர் ஊருக்கும் பாடுப் பட்டியல் வேண்டுமாம். நான் காட்டுவதற்குள் தனக்கோடி முன்னே வந்துவிட்டார்.
"எங்க ஊரு பொண்ணு. மரியாதையா கேளு."