கறுப்பு வயர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதில் அதைவிட வேறு சுகம் என்ன வேண்டும். நீயும் மருமகளும் குழந்தைகளும் நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். அப்பாவை நான்தான் கொன்றேன் என்று ஒரு தடவை சொன்னாய், அதற்கப்புறம் அவர் பேச்சை எடுத்தாலே போனை மருமகளிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம், நடுவில் மடித்து வைக்காமல் முழுவதும் படி.

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கீழே காலியாக இருப்பது உன் அறைதான். அப்பா போனதிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பூட்டியே வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் திறந்து, ஃபியூஸைப் போட்டு, மெயினை அணைத்துவிட்டு எல்இடி பல்பு ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையனை மாட்டச் சொன்னேன். சாயங்காலம் அத்தை ஸ்விட்சை அணைத்தாள், பல்பு முழுசாக அணையவில்லை, உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம் நின்றது. அவள்தான் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவளாயிற்றே, அண்ணன்தான் வந்து நிக்கிறார் என்று கும்பிட்டுவிட்டு ஹாலில் வந்து படுத்துக்கொண்டாள். எனக்குப் பயமில்லை என்றால் அது பொய். ஆனாலும் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பற்றியும் அதனிடம் பேசினேன். பதில் வரவில்லை, அதுவும் அவர் மாதிரியே இருந்தது.

அத்தை விடுவாளா, நம் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கரன்ட் நேராகப் பல்புக்குப் போகிறது, திரும்பி வருகிற வயர்தான் ஸ்விட்சில் இருக்கிறது, அணைத்தாலும் ஹோல்டரில் கரன்ட் நிற்கும், அதுதான் மினுக்குகிறது என்றார். அப்பா போன அன்றைக்கு வந்த எலக்ட்ரீஷியனும் இதைத்தானே சொன்னார். ஸ்விட்ச் போட்டவன் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அவர் சொன்னபோது நீ சுவரோரம் நின்றாய். அந்த முகத்தோடுதான் விமானம் ஏறினாய், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அப்பா ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் பல்பு மாற்ற இரும்பு ஸ்டூலில் ஏறினார், அப்படியும் கரன்ட் அடித்தது என்பது எனக்கும் இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது.

இவர் அதோடு நிற்கவில்லை. மற்ற போர்டுகளையும் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஊரெல்லாம் சிவப்பு வயரில் கரன்ட் கொடுத்த காலத்தில் நம் வீடு முழுவதும் கறுப்பில் கொடுத்திருக்கிறதாம். இந்த ரூம்ல போட்டவர் படிச்சபடி சிவப்புலதான் ஸ்விட்சை வச்சிருக்கார், சரியாத்தாம்மா போட்டிருக்கார், வீட்டுக்கு வயர் இழுத்தவர்தான் தலைகீழாப் பண்ணியிருக்கார், யாரும்மா அது என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைக் காட்டினேன்.

நீ தவழ்ந்துகொண்டிருந்தாய் அப்போது. சிவப்பாக எதைக் கண்டாலும் பாய்ந்து போய் வாயில் வைப்பாய், தக்காளி, என் வளையல், பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு வார் வரைக்கும். பிள்ளை இழுக்கிற சிவப்பில் கரன்ட் இருக்கக் கூடாது, கறுப்பை இவன் சீண்ட மாட்டான் என்று அப்பா தானாக ஒரு சட்டம் போட்டு அப்படியே வீடு முழுக்க இழுத்தார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. நீ வளர்ந்து, படித்துவிட்டு வந்து உன் அறைக்குப் புது ஸ்விட்ச் போட்டபோது அவர் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்து அதைப் போட்டுப் போட்டு அணைத்துச் சிரித்தாரே தவிர, திறந்து பார்க்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். இவ்வளவு வருஷம் கழித்து அவர் மேல் வருகிற கோபத்தை நான் யாரிடம் போய்க் காட்டுவது.

மெயினில் வயரை மாற்றி, ஒவ்வொரு அறையாகத் திருத்திக் கொடுத்துவிட்டார். உன் அறையில் ஒரு ஸ்குரூவைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நேற்று அங்கே ஸ்விட்சை அணைத்தேன், நல்ல இருட்டு. அத்தை இனி நிம்மதி என்றாள், நான்தான் கொஞ்ச நேரம் அழுதேன்.

நீங்கள் எல்லோரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வா. ஒன்று மறந்துவிட்டேன். அங்கே நீ எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லையாம், பெரியவள் பள்ளிவிட்டு வந்து லைட் போடும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாயாம், மருமகள் சொன்னாள். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் லைட்டை நீயே போடப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா