பாதி விலைக்கு முடித்த கடன்

போடிநாயக்கனூர்
12 பிப்ரவரி 2024

பாண்டித்துரைக்கு,

அக்கா எழுதுகிறேன். அன்புள்ள தம்பி என்றுதான் தொடங்க வேண்டும், இன்றைக்கு அது எழுத வரவில்லை. நீ வேலை பார்க்கிற ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற ஜீப்பு டிரைவர் அருள்பாண்டி கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. போன் பண்ணாதே. போனில் நீ பேச ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி ஆகிவிடுகிறது. எழுத்தில் இருந்தால் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்கார மூக்கம்மாள் விற்கப்போகிறார். பதினோரு வருஷம் இருந்தவர்கள் என்று முதலில் எங்களைத்தான் கேட்டார், வெளியாளுக்குச் சொல்கிற விலையில் இரண்டு லட்சம் குறைத்து. சித்திரை முடிய நேரம் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது போக மிச்சத்துக்கு வீட்டுக் கடன் கேட்டு பேங்குக்குப் போனேன். உன் மச்சான் கொத்தனார், அவருக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற எனக்குத்தான் அது இருக்கிறது.

மேனேஜரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று காட்டுகிற சிபில் ஸ்கோர் 561தான், எழுநூறாவது வேண்டும் என்றார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் ஏலக்காய் வியாபாரத்துக்காக என் பேரில் எடுத்துக் கொடுத்த நாலு லட்சம் அதில் இருந்தது. நவம்பரில் நீ வந்து, "லோனு முடிஞ்சுருச்சுக்கா"ன்னு சொன்னாய். அன்றைக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? மூன்று லட்சத்துப் பத்தாயிரம் பாக்கி. நீ ஒரு லட்சத்து அறுபதுக்குப் பேரம் பேசி முடித்திருக்கிறாய். என் பேருக்கு நேராக "செட்டில்டு" என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் பெண்ணிடம் முழுசாக வாங்க முடியவில்லை, கிடைத்தது போதும் என்று விட்டுவிட்டோம் என்று அதற்கு அர்த்தமாம். இந்த நிலையில் எந்தப் பேங்கும் வீட்டுக் கடன் தராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடனை முடிப்பதற்கென்று நீ நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் புத்திகெட்டதனம். மீதி ஒன்றரை லட்சத்தை எப்படிக் கட்டப்போகிறாய் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தேவி


போடிமெட்டுக்கு மேலே, தோட்டம்
19 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாண்டித்துரை எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஜோதியும் நலம். அங்கு மச்சானும் மருமகள் பிரியாவும் நலமா? கடிதம் கிடைத்தது. காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நான் திருடிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய்.

அக்கா, கடன் கொடுத்த அந்த ஆபீசுக்கு நான் எட்டு தடவை நடந்தேன். முதலில் மூன்று லட்சத்தில் ஒரு பைசா குறையாது என்றார்கள். நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஏலக்காய் வாங்கப் போனவனுக்கு விலை படியாவிட்டால் எழுந்து நடப்பான் அல்லவா, அந்த மாதிரி. பின்னாலேயே கூப்பிட்டார்கள். இரண்டரை, இரண்டு, ஒன்று எண்பது என்று இறங்கி இறங்கி ஒன்று அறுபதுக்கு வந்தது. என் பைக்கையும் கல்யாணத்தில் ஜோதிக்குப் போட்ட வளையலையும் விற்றுத்தான் கட்டினேன். அந்த ஆள் கை கொடுத்து, "முடிஞ்சுது சார், இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னான். எங்கள் வியாபாரத்தில் கை கொடுத்துவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு விலை குறைந்ததென்று எவனும் வந்து கேட்க மாட்டான். ஒன்றரை லட்சத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தவனை நீ பாராட்டியிருக்க வேண்டும்.

இருந்தாலும் உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. தேனியில் ஒருத்தர் சிபிலைச் சுத்தம் பண்ணித் தருகிறார். ஆறாயிரம் கொடுத்துவிட்டேன். உன் ஆதார் நகலும் கொடுத்தாயிற்று. உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் அருள்பாண்டியிடம் சொல்லிவிடு. ஒரே மாதத்தில் எழுநூற்றைம்பது ஆகிவிடும்.

உன் அன்புத் தம்பி
பாண்டித்துரை


போடிநாயக்கனூர்
22 பிப்ரவரி 2024

பாண்டித்துரைக்கு,

நம்பர் வந்தது. சொல்ல மாட்டேன். அந்தத் தேனிக்காரனிடம் உன் ஆறாயிரத்தைத் திருப்பிக் கேட்டுப் பார், என்ன சொல்கிறான் என்று தெரியும். என் ஆதாரைக் கண்டவனிடம் கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? முன்னால் என் பேரை விற்றாய், இப்போது அதற்கு நகலும் எடுத்து விற்கிறாய்.

மேனேஜரம்மாவிடம் மறுபடி போய்க் கேட்டேன். பதிந்ததைக் காசு கொடுத்து யாரும் அழிக்க முடியாதாம். அவர்கள் விட்டுக்கொடுத்த பாக்கியைக் கட்ட வேண்டும். பாக்கி இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் சில மாதம் ஒழுங்காக வரவு செலவு காட்டினால்தான் ஸ்கோர் ஏறும். சித்திரைக்குள் எங்கே நடக்கப்போகிறது? மூக்கம்மாளிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

கை கொடுத்தான் என்று எழுதியிருக்கிறாய். உன் காய் மூட்டைக்குப் பேரம் பேசு, யார் வேண்டாம் என்றது? நீ பேரம் பேசியது என் பேருக்கு. போன வருஷம் வசூல்காரர்கள் இரண்டு பேர் லேபுக்கு வந்ததை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். "தேவிங்கிறது யாரு? வாங்குன காசக் கட்ட வக்கில்லாம இங்கன நின்னு ஊசி குத்திக்கிட்டு இருக்கியா?"ன்னு கேட்டான். உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஊசி விலகி அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை குத்த வேண்டியதாயிற்று. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பதினேழு மாதம் தவறாமல் கட்டினவன் 2022 ஆவணியில் ஏன் நிறுத்தினாய்? காய் விலை இறங்கியது என்று எழுதாதே. அந்த வருஷம் இறங்கினதும் ஏறினதும் எனக்கும் தெரியும், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். பணம் எங்கே போனது?

தேவி


தோட்டம்
3 மார்ச் 2024

அக்காவுக்கு,

பத்து நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். பிறகு ஏன் சொன்னாய் என்று என்னைக் கேட்காதே.

2022 ஆவணியில் உன் வீட்டில் என்ன விசேஷம்? பிரியாவின் சடங்கு. அதற்கு ஒரு மாதம் முன்னால் நீ எனக்குப் போன் போட்டாய். நான் அப்போது குரங்கணியில் காய் எடை போட்டுக்கொண்டிருந்தேன். "எங்க நாத்தனா வீட்டு விசேஷத்துல தாய்மாமன் அம்பத்தோரு தட்டு வச்சான். நீ அதுக்குக் கொறச்சு வச்சா அந்தக் கூட்டத்துல நான் தலை நிமிந்து நடக்க முடியாது, பாத்துக்க அப்பு"ன்னு சொன்னாய். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அறுபத்தொரு தட்டு. மூன்று பவுன் சங்கிலி. பட்டுச் சேலை, மச்சானுக்கு வேட்டி சட்டை, மேளம், ஒரு வேன் நிறைய ஆள். பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் வாசல் வரைக்கும் ஊரே நின்று பார்த்தது. நீ வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாய். உன் நாத்தனார் தட்டுகளை விரல் விட்டு எண்ணினாள். வியாபாரத்துக்கு வைத்திருந்த கைமுதல் மொத்தமும் அன்றோடு போனது. அடுத்த மாதம் காய் வாங்கக் காசு இல்லை. காய் வாங்காமல் எதை விற்றுத் தவணை கட்டுவேன்? அதனால்தான் நின்றது. கடையை மூடிவிட்டு இங்கே சூப்பர்வைசர் சோலிக்கு வந்ததும் அதனால்தான்.

சீர் வைத்தவன் விலை சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் தலை குனிந்ததற்கு நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதே பணத்தில்தான் உன் நாத்தனார் முன்னால் தலை நிமிர்ந்து நடந்தாய். எனக்கும் கோபம் வரும் அக்கா. ஜோதி நவம்பரிலிருந்து ரப்பர் வளையல் போட்டுக்கொண்டு காய் பறிக்கப் போகிறாள். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பாண்டித்துரை


போடிநாயக்கனூர்
14 ஏப்ரல் 2024

பாண்டித்துரைக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் வாரம் முழுக்க அதைக் கிழித்துப் போடவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லை என்று ஒரு பொய் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, கையில காசு இல்ல, உன் பேருல வாங்குனதத்தான் உனக்கே சீரா வைக்கணும்"ன்னு சொல்லியிருந்தால் நான் என்ன, பதினோரு தட்டு போதும் என்று சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நீ நினைத்தாய். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிகிறது. நீ நினைத்தது சரியாகவே இருந்திருக்கலாம்.

பிரியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள். அழுதால் சமாதானம் சொல்லியிருப்பேன், அழவில்லை. சங்கிலியை விற்றதில் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் வந்தது. மறுநாளே அந்த ஆபீசுக்கு நேராகப் போய் மீதியைக் கட்டிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர், "விட்டுக்குடுத்த பணத்த யாரும்மா வந்து கட்டுவாங்க?"ன்னு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாக்கி இல்லை என்று கடிதம் கையில் வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இனி நீ தர வேண்டியது எனக்கு. மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, இருபது மாதம். ஐந்தாம் தேதிக்குள் என் கணக்கில் விழ வேண்டும். பணத்தை ஆள் கையில் கொடுத்து அனுப்பாதே. இதில் பேரம் கிடையாது.

தேவி


தோட்டம்
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துப் பணமும் போட்டுவிட்டேன், பார்த்திருப்பாய். மூக்கம்மாள் வீட்டைத் தேவாரத்துக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டாராம், அருள்பாண்டி சொன்னான். நீங்கள் சுப்புராஜ் நகர் பக்கம் வாடகைக்குப் போய்விட்டீர்களாம். சாமான் ஏற்றக்கூட என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்.

பேரம் பேசினதும் தப்பு, சொல்லாமல் இருந்ததும் தப்பு. எழுத்தில் வேண்டும் என்றாய், எழுதிவிட்டேன். திட்டியாவது நாலு வரி எழுது.

பாண்டித்துரை


தோட்டம்
4 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருஷம் ஜூலையில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. நானும் அதற்குப் பிறகு எழுதவில்லை, பணம் மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். இது இருபதாவது மாதம். நேற்றே போட்டுவிட்டேன். ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதி தாண்டவில்லை. போன கார்த்திகை மழையில் ஜோதிக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் வேலைக்குப் போகாதபோதும் தாண்டவில்லை.

கணக்கு தீர்ந்ததால் கேட்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நாங்கள் வீட்டுக்கு வரலாமா? பொங்கல் சீராக நாலு கரும்பு, ஒரு சேலை, அவ்வளவுதான். கடன் வாங்கிச் செய்ய மாட்டேன்.

உன் தம்பி
பாண்டித்துரை


போடிநாயக்கனூர்
18 டிசம்பர் 2025

தம்பி பாண்டித்துரைக்கு,

இருபது மாதத்துப் பணமும் வந்து சேர்ந்தது. நமக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் பாக்கி இல்லை. இதைப் பத்திரமாக வைத்துக்கொள், பாக்கி இல்லை என்று நான் கொடுக்கிற கடிதம் இதுதான்.

ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று மாறிவிட்டது. அதற்கே நாலு மாதம் நடக்கவிட்டார்கள். இருபதாயிரத்தை டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாதம் கேஸ் சிலிண்டரை மட்டும் அதில் எடுத்து, தேதிக்கு முன்னாலேயே கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது ஸ்கோர் 738. அன்றைக்கு முடியாது என்ற மேனேஜரம்மா போன வாரம் தானாகவே போன் போட்டு, "வீட்டு லோனு வேணுமாம்மா?"ன்னு கேட்டார். எந்த வீட்டுக்கு என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. சிலமலையில் ஒரு சின்ன இடம் வருகிறது, உன் மச்சான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். படியுமா என்று தெரியாது.

வேலைக்குப் போகிற வழியில்தான் மூக்கம்மாளின் வீடு இருக்கிறது. புதுசாக வந்தவர் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார். தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போகிறேன். தினமும் இரண்டு தடவை உன் மேல் கோபம் வருகிறது. என் மேல் ஒரு தடவை.

பழைய தவணை தவறியதெல்லாம் ரிப்போர்ட்டிலிருந்து எப்போது போகும் என்று மேனேஜரம்மாவிடம் கேட்டேன். கடனை முடித்தாலும் ஏழு வருஷம் போல அது அங்கேயே இருக்குமாம். அதற்குப் பிறகுதான் எடுத்துவிடுவார்களாம். யார் பெற்ற பிள்ளை என்றுகூடத் தெரியாத ஒரு பேங்குக்கே ஏழு வருஷம் ஆகிறது. எனக்கும் நேரம் வேண்டும்.

இந்தப் பொங்கலுக்கு வராதே. ஜோதியை மட்டும் அனுப்பு, அவளுக்கு வளையல் எடுத்து வைத்திருக்கிறேன். அது சீர் கணக்கில் சேராது, நீ திருப்பி எதுவும் வைக்கக் கூடாது. நீ வந்து வாசலில் நின்றால் நான் அழுதுவிடுவேன். அழுதால் கோபம் தீர்ந்துவிடும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபப்பட வேண்டும் தம்பி.

அடுத்த பொங்கலைப் பற்றி அடுத்த வருஷம் கேள்.

அக்கா
தேவி