காவல் புரோகிராம் கேட்ட சாவி

ஐப்பசி 9, ஞாயிறு

கனடாவில் இருக்கும் மகளோடு ஞாயிறுதோறும் விளையாடும் துப்பாக்கி கேம் இன்று திறக்கவே இல்லை. லினக்ஸில் இனி ஓடாதாம். வைரஸ் வந்து கம்பெனி டிசைன் ஃபைலெல்லாம் போனதிலிருந்து விண்டோஸை எடுத்துவிட்டு என் கம்ப்யூட்டரில் லினக்ஸ்தான். திருட்டாட்டம் பிடிக்கிற காவல் புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யுமாம், அதுவும் சிஸ்டத்தின் அடிவரைக்கும் போய் உட்காருமாம். என் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர்கூட அட்டைப்பெட்டியைத்தான் பிரிக்கச் சொல்கிறான், வீட்டு பீரோ சாவியைக் கேட்பதில்லை. துணி எடையில் ஒரு கிராம் ஏமாற்றாத என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறார்கள்.

"விண்டோஸ் போட்டுக்குங்கப்பா, அவ்வளவுதான்" என்றாள் மகள் போனில்.

"முடியாது கண்ணு. காசு குடுத்து கேம் வாங்கினவனோட ஊட்டுக்குள்ளயே காவல் வெப்பாங்களா?"

"சரிங்கப்பா, இன்னிக்கு சும்மா பேசீட்டிருக்கலாம்."

சாப்பிட்டாச்சா என்றேன், ஆச்சுங்க என்றாள். குளிரா என்றேன், ஆமாங்க என்றாள். அங்க மழைங்களா என்று அவள் கேட்டாள். "பின்னாடி பாருங்கப்பா, செத்துருவீங்க" என்று கேமில் ஒரு மணி நேரம் கத்துகிறவள், நாலாவது நிமிஷம் "வெச்சிரட்டுங்களா" என்றாள்.

நாளைக்கு ஆளை வரச்சொல்லி விண்டோஸ் போடணும். பீரோ சாவியையும் எடுத்துக்கொண்டு தொலையட்டும்.