ஆழப்பட்டினம்

லீட்ஸ்,
12.09.1998

அன்பின் நல்லரத்தினத்துக்கு,

இந்தக் கையெழுத்தை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நான் ஊரை விட்டு வந்து ஏழு வருடம். உன்னோடு பேசி எட்டு. நீர்ப்பாசனக் கந்தோரில் நீ வரைபடம் போடும் வேலை பார்க்கிறாய் என்று எங்கள் தெருத் துணிக்கடை அசனார் எழுதியிருந்தார். அந்த விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

ஒரு வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். இங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் சின்னக் கம்பனி ஒன்றில் இருக்கிறேன். புதிய விளையாட்டுக்கு யோசனை கேட்டார்கள். என் வாயில் வந்தது ஆழப்பட்டினம். வாவிக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் நகரம், அதைத் தேடித் தோணியில் போகிறவர்கள், கதை சொல்லும் நீ. நம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வெள்ளைக்கார ஆசிரியர் விட்டுப்போன இருபது முகத் தாயக்கட்டையை உருட்டி, ஊரடங்கு நாட்களில் உன் வீட்டு மேசையைச் சுற்றி மூன்று வருடம் விளையாடினோமே. "தோணியில நிக்கிறாய். முன்னால பனி. என்ன செய்யப் போறாய்?" என்று நீ கேட்பாய். நாங்கள் நினைத்ததைச் சொல்வோம். அதிலிருந்து நீ மேற்கொண்டு கட்டிக்கொண்டு போவாய்.

கம்பனிக்குப் பிடித்துவிட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது பாதிதான் என்று புரிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் உன் தலைக்குள் அல்லவா இருக்கிறது? எழுதி அனுப்புவாயா? விருப்பமில்லாவிட்டால் பதில் போட வேண்டாம்.

மர்சூக்

•

மட்டக்களப்பு,
04.10.1998

என் அன்பு மச்சான் மர்சூக்,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உள்ளே என்ன திட்டு இருக்குமோ என்ற பயம். பிரித்தால் ஆழப்பட்டினம்.

சொன்னால் சிரிப்பாய். கதவுகளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை மச்சான். நீ கதவில் கை வைத்தேன் என்று சொன்னதும் உன் முகத்தைப் பார்ப்பேன். பயந்து போயிருந்தால் உள்ளே ஒரு விளக்கை வைப்பேன். துள்ளிக்கொண்டிருந்தால் ஒரு முதலையை வைப்பேன். அவ்வளவுதான் என் வித்தை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தாயக்கட்டையை ஏன் எப்போதும் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்து உருட்டினேன் என்று நினைக்கிறாய்? இரண்டு விழுந்தால் பதினெட்டு என்று சொல்வதற்குத்தான். வெளியே செத்தவர்கள் போதும் என்றிருந்தது. மேசையிலும் ஏன் என்று நினைத்தேன்.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். நினைவில் நிற்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி இத்தோடு அனுப்புகிறேன். தண்ணீருக்கடியில் நடக்கும் சந்தை, மீன்களின் நிழல் விழும் தெரு, ஆட்கள் நடக்கும்போது அவர்களின் பேச்சு குமிழிகளாக மேலே போவது, எல்லாம். எழுதிக்கொண்டிருக்கையில் கந்தோர் மேசையும் கொஞ்சம் மிதந்தது.

சுகமாக இருக்கிறாயா? குளிர் எப்படி? ஒரு வரி அதைப் பற்றியும் எழுதலாமே.

உன் நல்லரத்தினம்

•

லீட்ஸ்,
29.10.1998

அன்பின் நல்லரத்தினம்,

மச்சான் என்று எழுதியிருந்தாய். நானும் எழுதிப் பார்க்கிறேன். மச்சான்.

குளிர் இருக்கிறது. சுகம்.

கொப்பியை இரண்டு தரம் வாசித்தேன். தொல்லை என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு முகம் பார்க்கத் தெரியாது. கதவுக்குப் பின்னால் இருப்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். விளையாடுகிறவன் செய்யக்கூடியதெல்லாம் திரையில் பட்டியலாக வரும். மூன்று, மிஞ்சினால் நாலு. நம்மோடு விளையாடிய இராசதுரை ஒருநாள் முதலையிடம் சுகம் விசாரித்தானே, நீயும் அதைப் பேச வைத்தாயே. அப்படி ஒருவன் கேட்பான் என்று இங்கே யார் முன்கூட்டி நினைப்பது?

படமும் தொல்லைதான். "பட்டினம் தெரியுது" என்று சொல்லி நீ நிறுத்துவாய். எங்கள் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் வேறு வேறு பட்டினம் எழும்பும். என்னுடையதில் மினாராக்கள் இருந்தன. இராசதுரையினதில் கோபுரம் இருந்திருக்கும். இங்கே ஓவியர் ஒரு பட்டினத்தைத்தான் வரைவார். யாருடையதை வரையச் சொல்ல?

கள்ளா, என் தோணி தப்பியதெல்லாம் உன் பொய்யாலா? கம்ப்யூட்டருக்கும் பொய் சொல்லப் பழக்கினேன். எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் பழக்க முடியவில்லை.

கம்பனிக்காரர் இன்னும் சண்டை வேண்டும் என்கிறார்கள். நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுக்கு நீ வரைந்த பழைய வரைபடங்கள் இருந்தால் அனுப்பு. அதைக் காட்டினால் அவர்கள் மனம் மாறலாம்.

மர்சூக்

•

மட்டக்களப்பு,
20.12.1998

அன்பு மச்சான்,

வரைபடம் வராது. நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே, இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்குப் போகும் அசனாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

பழையவை இல்லாததால் புதிதாக வரைந்தேன். கந்தோர் வேலையில் பழகிய கை. வாவியின் வளைவுகள் எல்லாம் அளவு பிசகாமல் அப்படியே விழுந்துவிட்டன. பட்டினமும் தீவுகளும் மட்டும்தான் கற்பனை. தபால் கந்தோருக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் சைக்கிள் பையைத் திறந்தார்கள். வாவியின் சரியான படம். அதில் சிவப்பு மையில் 'காவல் பூதம் நிற்கும் இடம்', 'மறைவழி' என்று என் கையெழுத்து. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பிடித்திருப்பேன்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். முதல் நாளைப் பற்றி எழுதவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஓர் அதிகாரி வந்தார். நம்மைவிட இளையவர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"விளையாட்டு எண்டு சொல்றாய். விளையாடிக் காட்டு" என்றார்.

தாயக்கட்டை இல்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"நீங்க தோணியில நிக்கிறீங்க. முன்னால பனி. என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யலாம்?"

"என்னவும் செய்யலாம்."

அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார். பிறகு, "படுக்கலாமா?" என்று கேட்டார்.

"ஓம், படுக்கலாம்."

"ஒருத்தரும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன். தோணி மெல்ல ஆடுகிறது, பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது, கண்டல் வேர்களுக்குள்ளே வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது, கீழே பட்டினம் மூச்சு விடுகிறது, அதன் குமிழிகள் தோணியின் அடியில் வந்து உடைகின்றன. எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது. அவர் இருந்தபடியே தூங்கிவிட்டார். வாசலில் நின்ற சிப்பாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நிறுத்தினால் எழும்பிவிடுவாரோ என்று நான் நிறுத்தவே இல்லை.

அடுத்த நாள் காலையில் போகச் சொன்னார்கள். வரைபடத்தை அவர் திருப்பித் தரவில்லை.

நான் சொன்ன கதைகளில் அதுதான் திறமானது என்று நினைக்கிறேன். ஆனால் மச்சான், அதன்பிறகு இன்னொரு கொப்பியைத் திறந்து 'என்ன செய்யப் போறாய்' என்று எழுதப் போனால் கை ஓடவில்லை. என்னிடம் இனி எதிர்பார்க்காதே.

நல்லரத்தினம்

•

லீட்ஸ்,
06.06.1999

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை மாதம் எடுத்தது வேலையால் அல்ல, வெட்கத்தால். பனி மூடிய ஊரில் சூடான அறையில் இருந்துகொண்டு, வாவியின் படத்தைத் தபாலில் அனுப்பு என்று உன்னைக் கேட்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது எந்த ஊரில் என்பதையே மறந்துவிட்டேன் போல.

விளையாட்டு முடிந்துவிட்டது. முதலைகளைக் குத்தத்தான் வேண்டும், அதில் நான் தோற்றேன். ஆனால் தோணியில் ஏறினால் வரும் பட்டியலில் 'படுத்துக்கொள்' என்று ஒன்று சேர்த்தேன். "தூங்குவதற்கா ஒருவன் விளையாட்டு வாங்குவான்?" என்று முதலாளி சிரித்தார். நான் எடுக்கவில்லை. பட்டினத்தையும் வரைய விடவில்லை. பனியும், பனிக்குள் விளக்குகளும் மட்டும். மீதியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் சி.டி.யைக் கொடுத்துவிடுகிறேன், அசனார் அங்கே வாங்கி உன்னிடம் சேர்ப்பார். அதில் தெற்குக் கரைக்கு ஒருமுறை போய்ப் பார். அங்கே ஓர் இடத்தை நானே தனியாகச் செய்தேன். அது எதற்கு என்று கம்பனியில் யாருக்கும் தெரியாது.

வாப்பா மௌத்தான வீட்டுக்கு ஊரே வந்தது. நீ வரவில்லை. ஏன் என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை மச்சான்.

மர்சூக்

•

காத்தான்குடி,
18.07.1999

என் மர்சூக்,

மேலே உன் ஊரின் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பாய். பொறு, வரிசையாகச் சொல்கிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. அங்கே கெஞ்சி உன் சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் அசைந்ததும் என்னை அறியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். மாரி காலத்து வாவியின் நிறம், சரியாக அதே நிறம். பனிக்குள் விளக்குகள் தெரிந்தபோது எனக்கு என் பட்டினம் எழும்பியது. அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

பிறகு தெற்குக் கரைக்குப் போனேன். மணல் ஒழுங்கை. கிணறு, முருங்கை, பச்சைக் கதவு. உங்கள் வீடு. பட்டியல் வந்தது. தட்டு. திரும்பிப் போ. காத்திரு.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து நிற்கும்வரை ஒன்றையும் அழுத்தாமல் இருந்தேன்.

மச்சான், நான் வந்தேன். அந்த ஆவணியில், உன் வாப்பா தொழப் போன பள்ளியிலிருந்து திரும்பாத மூன்றாம் நாள், சைக்கிளில் நாவற்குடா தாண்டி உங்கள் ஊர் எல்லைச் சந்திவரை வந்தேன். பள்ளியில் தொழுதவர்களைச் சுட்டவர்களுக்கு என்னுடையதைப் போன்ற தமிழ்ப் பெயர்கள். இந்த முகத்தை எப்படிக் கொண்டுபோய் உன் முன்னால் வைப்பது? பயம். பயத்தைவிட வெட்கம். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அன்று திரும்பியதால் அடுத்த நாள் வருவது இன்னும் கடினமாயிற்று. அப்படியே ஒன்பது வருடம். நாலு மைல் தூரம்.

இன்று காலை கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"நான்... நல்லரத்தினம்."

உன் உம்மா கதவைத் திறந்து, முக்காட்டைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது மச்சான்.

"அண்டைக்குச் சந்திவரைக்கும் வந்தாய். இண்டைக்குத்தான் வீட்டுக்கு வாறாய்" என்றார்.

சந்தியில் பாண் விற்ற முகைதீன்பாவா அன்றைக்கே வந்து சொல்லியிருக்கிறார், நெட்டையான ஒரு தமிழ்ப் பொடியன் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனான் என்று. நான் அழுததே எனக்கு நினைவில்லை.

"மர்சூக்கிட்ட ஏன் சொல்லல்ல உம்மா?"

"சொன்னா, ஏன் திரும்பினான் எண்டு கேப்பான். அதுக்கு என்னட்டப் பதில் இல்ல மனே. அது உன்ட பதில். நீதான் வந்து சொல்லணும்."

சொன்னேன். உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, ஏசவும் இல்லை. "எங்களுக்கும் பயம்தான். உன்னப் பாத்திருந்தா அண்டைக்கு என்ன சொல்லியிருப்பமோ, ஆருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தேத்தண்ணி கொண்டுவந்து, நான் குடித்து முடியும்வரை எதிரில் இருந்தார்.

இதை உங்கள் வீட்டு மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய், வாசி என்றார். விளையாட்டு, கதவு, பட்டியல் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். புரிந்ததோ என்னவோ, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், உனக்கு இதையும் எழுதச் சொன்னார்.

"அவன் செஞ்ச விளையாட்டில அந்தக் கதவத் திறந்து வைக்கச் சொல்லு. ஆரும் வந்து தட்டிக்கிட்டு நிக்கத் தேவல்ல."

உன்
நல்லரத்தினம்