மஞ்சள் கொடிகள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். பேத்தி அழுதால் தெருவே கூடிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள், வேறென்ன!

செய்தி நல்லதல்ல. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். ஏரிக்கரைப் புல்வெளியில் நீ கொடி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போன ஆள்காட்டிக் குருவிக் கூடுகள் அழிந்துவிட்டன.

நடைபாதைக்கான மக்கள் கருத்துக் கூட்டத்தில் நீ வாதாடி வாங்கியது நினைவிருக்கும். பாதை போகும் வழிக்கு மஞ்சள் கொடி; தரையில் முட்டை இருக்கும் இடத்துக்குச் சிவப்புக் கொடி, அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. நீ கிளம்பியதும் நம் குடியிருப்போர் சங்கத்தில் இன்னொரு கூட்டம் போட்டார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் எழுந்து, "சிவப்பு கண்ணை உறுத்துதுங்க, விபத்து நடந்த இடம் மாதிரி இருக்கு" என்றார். அதற்கொரு நீண்ட விவாதம். பறவையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஒரே நிறமானால் வேலை செய்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துப்பாங்க, நீங்க உக்காருங்க சார்" என்று தலைவர் சிரித்தார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கொடியும் மஞ்சளானது. கைதட்டல் வேறு.

அப்புறம் இயந்திரம் வந்தது. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் கொடி இருக்கும் வழியாகப் போ என்றார்கள், போனார். நேராகப் போக வேண்டிய பாதை கூட்டுக்குக் கூடு வளைந்து போயிருக்கிறது. "எவ்ளோ அழகான வளைவு!" என்று பல் டாக்டரின் மனைவி படமெடுக்கிறார்.

அதோடு விட்டார்களா? அதற்கு ஆள்காட்டிப் பாதை என்றே பெயர் வைத்து, நீதான் திறந்துவைக்க வேண்டுமென்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். சீ, இவர்களோடு ஒரே தெருவில் குடியிருக்கிறோம்.

ஒரு ஜோடி மட்டும் போகவில்லை. புதிதாகக் கொட்டிய ஜல்லியில், பாதைக்கு நட்டநடுவில், மறுபடி முட்டையிட்டிருக்கிறது. கல் எது, முட்டை எது என்று தெரியாமல் நானே மிதித்திருப்பேன். அது தலைக்கு மேலே பறந்து திட்டியதால் நின்றேன். கொடி நட மனம் வரவில்லை. நம் சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தூக்கிப்போய் வழியை அடைத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடக்க வருகிறவர்கள் முறைக்கிறார்கள். பறவையும் என்னை நம்பாமல் ஓயாமல் திட்டுகிறது. உன்னிடம் வாங்கிப் பழகிய காது, தாங்குகிறது.

விழாவுக்கு முன்னால் ஜல்லியைச் சமன் செய்ய ரோடு ரோலர் வருமாம். நாற்காலியை எடுக்கும்படி தலைவர் சொல்லிவிட்டார். நான் சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் சிரிக்க மாட்டார்கள்.

மகளுக்கு அவள் மாமியார் துணை இருக்கிறார். அழைப்பு வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதே. வருகிறேன் என்று எழுதிவிட்டு, ரோலருக்கு முன்னால் வந்து சேர். இன்னொரு நாற்காலியையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

பேத்திக்கு என் ஆசிகள்.

உன் வரவை எதிர்பார்த்து,
ஜல்லிமேட்டுக் காவல்காரன்