அப்பாவின் தாடை

மார்ச் 4, புதன்

அலுவலக அடையாள அட்டைக்குப் புதிய படம் எடுத்தார்கள். பழைய அட்டையில் தாடை எலும்பு காதிலிருந்து முகவாய் வரை ஒரே கோடாக ஓடுகிறது. புதியதில் அந்தக் கோடு வாயின் இருபுறமும் உடைந்து, சதை கீழே இறங்கித் தொங்குகிறது. படம் எடுத்த பெண் கொஞ்சம் சிரிக்கச் சொன்னாள். நான் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிற்பகல் முழுவதும் குத்தகை ஒப்பந்தத்தின் திருத்தங்கள். இளநிலை வழக்கறிஞருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்புள்ளி, எதையும் முடிக்கமாட்டார். எனக்கு இளையவர்கள் வைத்த பெயர் "ஆயினும்" என்பதை அறிவேன். மறுப்பதற்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எழுந்து நின்று "வாங்க" என்றாள். போன மாதம் வரை "வந்துட்டியாடா" என்பவள். மறதி நோய் பல பெயர்களையும் முறைகளையும் கொண்டுபோய்விட்டது; இதுவும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். குறித்து மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 9

அம்மா என்னை அடித்துவிட்டாள்.

நடந்ததை வரிசைப்படி எழுத வேண்டும். மாத்திரை கொடுப்பதற்காக அவள் நாற்காலியருகே குனிந்தேன். என் முகம் அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அவள் மேசையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர்க் குடுவையை எடுத்து என் புருவத்தில் ஓங்கி அடித்தாள். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "இனிமே எம்மேல கை வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்" என்றாள். பிறகு, அடித்தவளே, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

எழுபத்தொன்பது வயதில் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாத கைகள். அவை மட்டும் எப்படி அவ்வளவு விரைவாகத் தலைக்கு மேலே போயின?

மனைவி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அத்தை உங்களை யாரென்று நினைத்தார் என்று கேட்டாள். பஞ்சை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்த என் அப்பா, விருந்தினர் முன்னால் அதிர்ந்து பேசாத மனிதர்.

மார்ச் 10

அப்பா இறக்குமுன் எடுத்த கடைசிப் படத்தையும் என் புதிய அடையாள அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞனாக இருந்தால்கூட என்னால் இதை மறுத்து வாதாட முடியாது. அதே பள்ளம், அதே தொங்கல், கீழுதட்டை இழுத்து வைத்திருக்கும் அதே எடை.

அவர் ஓய்வு பெற்று, உடல் இளைத்து, கன்னம் தொய்ந்து, நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்த ஆண்டுகள்தான் மிகக் கொடியவை. முன்பும் அடிப்பார், அப்போது அடிக்க மாலையாவது ஆக வேண்டும். நான் விடுதியில் தங்கிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த ஒரு நாள் குளியலறை ஓரத்தில் ஒரு பல் கிடந்தது. வேரோடு. அம்மா என்னைத் தாண்டிப் போய் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

அவள் அஞ்சுவது அந்த ஆண்டுகளின் முகத்துக்கு. அதை நான் தினமும் அணிந்துகொண்டு அவள் அறைக்குள் போகிறேன்.

மார்ச் 12

தாடி வளர்த்துப் பார்க்கலாம்.

மார்ச் 30

அப்பா என்றும் தாடி வைத்ததில்லை. ஆகவே பலன் இருக்கும் என்று கருதினேன். கருத்து தவறு. இன்று அம்மா என் தாடியை விரலால் இடுக்கி இழுத்தாள். "வேஷம் போட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா?" விரலிடுக்கில் மயிரோடு சிரித்தாள். நான் இதுவரை கேட்டிராத சிரிப்பு. உடனே அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், தலையை மூடிக்கொண்டாள்.

மழித்துவிட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "தாடியில நீங்க சாமியார் மாதிரி இருந்தீங்க. இப்ப ஜாமீன்ல வந்த சாமியார்" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறுகிறது. அப்போது நான் நானாக இருக்கிறேன் என்று கண்ணாடியில் கண்டேன். நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே இருக்க முடியாதே.

ஏப்ரல் 8

முக அறுவை மருத்துவரைப் பார்த்தேன். என்னைவிட இளையவர்; கேள்விகளை எழுதிக்கொண்டு போனதற்காகச் சலித்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்னவற்றின் சாரம்: ஊசியில் நிரப்பும் பசை, குழியை மறைக்கும், தொங்கலைத் தூக்காது, அளவு மிஞ்சினால் முகம் உப்பிவிடும். தோலுக்கடியில் நூல் கோத்து இழுப்பது சுலபம். ஓராண்டு தாங்கினால் நல்லது. ஒலியலையால் சூடேற்றும் முறை என் அளவு தொய்வுக்குப் போதாது. எஞ்சியிருப்பது அறுவை. காதின் முன்னால் தொடங்கி மடலைச் சுற்றிப் பின்புறம் வரை கீறி, தோலை உரித்துத் தூக்கி, அடியிலுள்ள தசையுறையை இழுத்துத் தைத்து, மிஞ்சும் தோலை வெட்டிவிடுவார்கள். இரத்தம் உள்ளே தேங்கலாம். நரம்பு அடிபட்டால் வாயின் ஒருபுறம் கோணலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். "பெரும்பாலும்" என்பதன் கீழ் கோடிட்டுக்கொண்டேன்.

அவர் ஒன்று கேட்டார்.

"எத்தனை வயசு குறைஞ்சு தெரியணும்?"

"வயது குறைய வேண்டாம். வேறு ஆளாகத் தெரிய வேண்டும்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்படிக் கேட்பவர்களுக்குத் தாம் கத்தி வைப்பதில்லை என்றார். ஆகவே உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பாவின் படத்தையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "தொங்கல் போகும் சார். எலும்பு அவரோடதுதான். அதை நான் மாத்த மாட்டேன், யாரும் மாத்தவும் கூடாது" என்றார். அம்மா முகத்துக்கு மட்டும் அஞ்சுகிறாரா, குரலுக்கும் நடைக்கும் அஞ்சுகிறாரா என்பதைக் கவனித்துவிட்டு வரச் சொன்னார்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

ஏப்ரல் 15

கதவுக்கு வெளியிலிருந்து பேசினால் அம்மா "என்னடா" என்கிறாள். உள்ளே போனால் எழுந்து நிற்கிறாள். மூன்று நாள் சோதித்தேன், மாறவில்லை. சான்று போதும்.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடு என்றாள். பாரமாகிவிட்டது என்பதற்காக இல்லை, யாராவது ஒருவர் சாகும் முன்பு. அறுவையைப் பற்றியும் சொன்னேன். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன்.

"பண்ணிக்கோடா" என்றாள்.

ஏன் என்றேன்.

"வீடியோவுல கூப்பிட்டா கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்றேன்ல. கேமரா நல்லாத்தான் இருக்கு. உன் மூஞ்சி வந்ததும் போனைக் கவுத்துடறேன். பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் பயம் போகலை. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு கன்னங்களையும் விரலால் பிடித்து, நகம் பதியும்வரை இழுத்தேன். இரண்டு கையாலும் பிய்த்தெறிந்துவிடலாம் என்று — இல்லை, இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 21

என்ன எழுதுவது?

அம்மா குளியலறைக் கண்ணாடியை உடைத்து ஒரு துண்டைக் கையில் வைத்திருந்தாள். மனைவி தான் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. கீழே போடச் சொன்னேன். போடவில்லை. அதைப் பிடித்தபடியே என்னை நோக்கிக் கையை வீசினாள். சட்டைக் கை கிழிந்து முழங்கையில் கோடு விழுந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணாடி விழுந்துவிட்டது. அப்புறமும் விடலை. விழுந்தாச்சு, தெரியுது, ஆனா விடலை. இன்னும் அழுத்தினேன். "எத்தனை தடவை சொல்றது, எத்தனை தடவை" என்று கத்தியது என் வாய்தான். அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

தற்காப்பு என்பது அபாயம் நீங்கும்வரைதான். அதற்குப் பிறகு நடப்பதற்கு வேறு பெயர். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

மனைவி வந்து இருவருக்கும் கட்டுப் போட்டாள். முதலில் அம்மாவுக்கு. எல்லாவற்றையும் அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தரையிலிருந்த சில்லுகளைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "மூஞ்சிக்கு டாக்டர் பாத்துட்டீங்க. கைக்கு யாரைப் பாக்கப் போறீங்க?"

இன்னொரு முறை இப்படி ஏதும் நடந்தால் அத்தை இல்லத்துக்குத்தான், தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 22

அம்மாவின் மணிக்கட்டில் என் விரல்கள் நீலமாகத் தெரிகின்றன.

ஏப்ரல் 27

கைக்கும் ஆள் பார்த்தாயிற்று. மனநல ஆலோசகர், தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. அவர் வகுத்தது: கத்தத் தோன்றும்போது அறையைவிட்டு வெளியேறுவது, அம்மா கையில் எது இருந்தாலும் சரி. மாத்திரை, உடை மாற்றுதல் எல்லாம் மனைவியும் பகலில் வர ஏற்பாடு செய்திருக்கும் செவிலியும் பார்த்துக்கொள்வார்கள். நான் கதவுக்கு வெளியிலிருந்து மட்டும் பேசுவேன்.

அறுவைக்கும் நாள் குறித்தேன். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மே 13

சம்மதப் படிவத்தை முழுதும் படித்தேன். ஏழாவது பத்தியில் "எவ்வகை விளைவுக்கும்" என்பது மிக விரிவானது என்று சுட்டிக்காட்டினேன். மருத்துவர், இதைப் படித்த முதல் மனிதர் நீங்கள்தான், எழுதியவரே படித்திருப்பாரா என்பது சந்தேகம் என்றார். ஆயினும் திருத்திக் கொடுத்தார்.

அலுவலகத்தில் பல் சிகிச்சை என்று விடுப்பு. அறுவை நாளை.

மே 16

முகம் எனதில்லை. யாருடையதும் இல்லை. பூசணி அளவு வீங்கி, கண்ணின் கீழ் கருப்பு, கழுத்து முழுக்க ஊதா. காதைச் சுற்றித் தையல். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் மிதித்ததைப் போல. வலி இழுக்கிறது; கன்னத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்ட வலி.

வீடு வந்ததும் நேரே என் அறைக்குப் போய்விடுவது என்று திட்டம். கூடத்தில் அம்மா நின்றிருந்தாள். நான் சுவரோடு ஒட்டினேன். மனைவி குறுக்கே வந்தாள். அம்மா அவளை விலக்கிவிட்டு என் முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வேலை தெரிந்தவர் பார்க்கும் பார்வை.

"உன்னையுமா?" என்றாள்.

கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் கட்டிலில் உட்காரவைத்தாள். அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். சேலை முனையைத் தண்ணீரில் நனைத்து, தையலைத் தொடாமல், வீக்கத்தின் விளிம்பில் மட்டும் ஒற்றினாள். "சத்தம் போடாத. அழுதா இன்னும் அடிப்பார்."

முகத்தை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

மே 19

அம்மா தன் பாலில் பாதியை எனக்கு வைத்திருக்கிறாள்.

மே 24

வீக்கம் வடிகிறது. தாடைக் கோடு மெல்லத் தெரிகிறது. நீலம் மஞ்சளாகிவிட்டது. செவிலி வியக்கிறாள்: அம்மா எட்டு நாளாக எதையும் எறியவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அக்கா இன்று வீடியோவில் வந்தாள். கேமரா வேலை செய்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடிபட்டவன் மாதிரி இருக்கே. ஆனா நீதான்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

அம்மாவுக்கு நான் மகன் இல்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று இன்று கேட்டாள். உங்கள் பிள்ளைதான் என்றேன். என் பிள்ளை விடுதியில் இருக்கிறான், வக்கீலுக்குப் படிக்கிறான், நல்லவேளை அவன் இங்கே இல்லை என்றாள். மேற்கொண்டு வாதாடவில்லை.

பிறகு என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லித்தரும் குரலில் சொன்னாள்: "வெளிய போனா கேப்பாங்க. கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீ சொல்லிடணும். சிரிச்சிக்கிட்டே சொல்லணும். அப்புறம் கேக்க மாட்டாங்க."

என்னை ஒத்திகை பார்க்கவும் வைத்தாள். முதல் தடவை சரியாகச் சொல்லவில்லையாம்.

ஜூன் 1, திங்கள்

அலுவலகம் திரும்பினேன். கழுத்தில் மஞ்சள் இன்னும் மீதியிருக்கிறது. காலர் முழுவதையும் மறைக்கவில்லை. மின்தூக்கியில் காற்புள்ளியும் கணக்குப் பிரிவுப் பெண்மணியும் இருந்தார்கள். இருவர் கண்ணும் என் கழுத்துக்குப் போய்த் திரும்பின.

"கதவு இடித்துவிட்டது" என்றேன். சிரித்துக்கொண்டே.

அடடா என்றார்கள். பார்த்து நடக்க வேண்டும் என்றார்கள். பேச்சு மழைக்குத் தாவியது.

கதவு இரண்டு காதுகளின் பின்னாலும் இடிக்காது. பல் சிகிச்சைக்கு என்று விடுப்பெடுத்தவனைக் கதவு இடித்தது எப்போது? எந்தக் கதவு? ஒரே ஒரு குறுக்குக் கேள்வி போதும். நானே ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடக்கூடிய சாட்சியம். ஆறாம் தளம் வரை காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.