இரண்டு தேக்கும் ஒரு மதகும்

மே 29, 2006. திங்கள்

அனல். காலை எட்டு மணிக்கே காற்று இல்லை. அங்கன்வாடிக்கு முட்டை வரவில்லை. பிள்ளைகளுக்குச் சுண்டலோடு சரி.

பதினோரு மணிக்குத் தாசில்தார் நிலம் பார்க்க வந்தார். கூடவே உப்பள முதலாளி கண்ணப்பன். என் மனு இவ்வளவுதான்: அவர் உப்பளத்துக்குப் போகும் வாய்க்காலிலிருந்து கடல்தண்ணீர் கிழக்கு வரப்பு வழியாகக் கசிந்து என் எண்பது சென்ட்டைக் கெடுக்கிறது. மேற்கே இன்னொரு வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார், அதைத் தரக்கூடாது. இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் வந்தால் அங்கே உப்பில் வளரும் உமரிச்செடிதான் முளைக்கும்.

கண்ணப்பனிடம் எதற்கும் ஒரே பதில். கிணறு உப்பா? சுனாமி சார். மல்லாட்டைப் பயிர் கருகிப்போச்சா? சுனாமி சார். கடல் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் அவருக்கு வேலை செய்கிறது.

நான் மேதாவி மாதிரி, என் நிலத்தில் வெட்டிய சவுக்குக் கட்டையைக் காட்டினேன். வருஷத்துக்கு ஒரு வளையம், மரம் எப்போது மெலிந்தது என்று அதுவே சொல்லும் என்றேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது. தாசில்தார் குனிந்து எண்ணினார். எட்டு. சவுக்கு நட்டு ஐந்து வருஷம். ஊருக்கே தெரியும், கன்று வந்ததே கண்ணப்பனின் உப்பு லாரியில்.

"டீச்சரம்மா மரத்துக்கு மட்டும் வருஷத்துல ரெண்டு பொங்கல் வருது போல" என்றார் கண்ணப்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். தாசில்தாரும். சிரிக்கட்டும். நான் மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

மே 30, செவ்வாய்

அரை நாள் லீவு. பஸ்ஸில் நின்றபடியே இடையஞ்சாவடி. அங்கே மரக்கன்று நர்சரியில் லலிதா மேடம், தாவரவியல் படித்தவர். சவுக்குக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அதற்கே அவரைக் கும்பிடலாம்.

"சவுக்கு எப்பவும் பச்சையா நிக்கிற மரம். கோடை மழை பெஞ்சா ஒரு வளர்ச்சி, ஐப்பசி மழையில இன்னொரு வளர்ச்சி. அதை வெச்சு வருஷம் எண்ண முடியாதுங்க. இலையக் கொட்டிட்டு சும்மா நிக்கிற மரமா பாருங்க. தேக்கு இருக்குதா?"

இருக்கிறது. இரண்டே இரண்டு. 1990இல் என்னைக் கட்டிய அந்த ஆளின் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தேன். அதே மாதம் வனத்துறைக் கன்று இரண்டு வாங்கி, கிழக்கு வரப்பில் ஒன்று, மேற்கு வரப்பில் ஒன்று நட்டேன். என்றைக்காவது சொந்த வீடு. அதற்கு இந்த இரண்டு மரத்தில் இரட்டைக் கதவு. அதை நான் திறப்பேன், நான் மூடுவேன். ஆசாரி ஏகாம்பரத்தைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

மேடம் சொன்னவை, மறக்காமல் இருக்க:
- அடிமரத்தில் வட்டமாக ஒரு துண்டு. உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடை.
- பெரிய துளைகளாக வரிசை தொடங்கும் இடம் = புது வருஷம்.
- அகலம் = நன்றாகக் குடித்தது. மெலிவு = தவித்தது.
- பட்டையை ஒட்டியது = போன வருஷம்.
- தேக்கும் சில சமயம் ஏமாற்றும். நட்ட வருஷத்தோடு ஒத்துப் பார்.

வெட்டாமல் துளைத்துப் பார்க்கக் கருவி உண்டாம். சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகுமாம். எனக்கு அவ்வளவு நாள் இல்லை, திங்களன்று தாலுகா ஆபீசில் விசாரணை.

ஜூன் 1, வியாழன்

வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழக்குத் தேக்கை வெட்டியாயிற்று. ஏகாம்பரம் ரம்பம் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அழுதேன், கொஞ்சம்.

பதினாறு வளையம். 1990 முதல் 2005 வரை. சரியாக ஒத்துப்போகிறது! பன்னிரண்டு அகலம், கடைசி நான்கும் நூல் மாதிரி. வாய்க்கால் வெட்டியது 2001. அதன் மதகுச் சுவர் ஈரமாக இருந்தபோது கண்ணப்பனே தன் பெயரையும் வருஷத்தையும் ஆணியால் கீறி, சூடம் காட்டி, எங்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கடல் வந்தது 2004 கடைசியில். அதற்குப் பிறகு மரம் வளர்ந்தது ஒரே வளையம். முன்பே மூன்று மெலிந்தாயிற்று.

ஜூன் 5, திங்கள்

தாலுகா ஆபீஸ். துண்டைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

கண்ணப்பன் இந்தத் தடவை சுனாமியில் தொடங்கவில்லை. "2002லயும் 2003லயும் மழையே இல்ல சார். எல்லா மரமும்தான் வாடுச்சு. தேறி வர்றதுக்குள்ள கடல் வந்துடுச்சு" என்றார்.

உண்மைதான். அந்த இரண்டு வருஷமும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடியவள் நான். துண்டை மறுபடி சாக்கில் கட்டினேன். மேற்கு வாய்க்கால் அனுமதிக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார் தாசில்தார். பஸ் ஸ்டாண்டில் மோர் வாங்கி, குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஒவ்வொன்றின் கார்டிலும் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறிக்கும்போதுதான் உறைத்தது. ஒரு பிள்ளையின் கார்டு போதாது. அதே சோறு தின்கிற இன்னொன்றின் கார்டும் பக்கத்தில் வேண்டும்.

மேற்குத் தேக்கு. ஒரே நாளில் நட்டது, ஒரே மழை. உப்புத்தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் இல்லை.

அதுவும் கடைசிவரை மெலிந்திருந்தால்? மரமும் போகும், வழக்கும் போகும்.

ஏகாம்பரம் ரம்பத்தைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "ஒண்ணையாவது விடும்மா. இன்னும் பதினஞ்சு வருஷம் நின்னா கதவு. இப்ப வெட்டினா முக்காலிதான்."

நிலம் போன பிறகு கதவை எங்கே மாட்டுவது? வெட்டச் சொன்னேன்.

ஜூன் 7, புதன்

தேய்த்துத் தேய்த்து விரல் தோல் போய்விட்டது. பதினாறு. 2002, மெலிவு. 2003, மெலிவு. அங்கே கொஞ்ச நேரம் துணியை எடுக்கவே பயம். எடுத்தேன்.

2004, அகலம். 2005, அதைவிட அகலம். போன வருஷத்து வெள்ளத்தை வயிறு முட்டக் குடித்திருக்கிறது.

ஒரு தம்ளர் டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு.

ஜூன் 9, வெள்ளி

இரண்டு துண்டும் தாசில்தார் மேஜையில். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. அதனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "நீங்களே எண்ணுங்க முதலாளி."

எண்ணினார், நகத்தால். மேற்கு மரத்தில் வறண்ட வருஷம் இரண்டு, அப்புறம் அகலம் இரண்டு. கிழக்கில் நான்கும் மெலிவு. இன்னொரு தடவை எண்ணினார். மரம் பேச்சை மாற்றவில்லை.

தாசில்தார் அவரையே பார்த்தார். "மழை ரெண்டுக்கும் ஒண்ணுதானே? கடலும் ரெண்டுக்கும் ஒண்ணுதானே? நடுவுல என்ன வித்தியாசம், சொல்லுங்க."

மேற்கு வாய்க்காலுக்கு அனுமதி இல்லை. கிழக்கு வரப்புக்குக் களிமண் அணைத்து முடிக்கும்வரை மதகை மூட வேண்டும். எழுதியே வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கும்போது கண்ணப்பன் கேட்டார், "ஆசாரி சொன்னாரு, கதவுக்கு வெச்சிருந்த மரமாமே. ஒரு வாய்க்காலுக்காக ரெண்டையும் வெட்டிட்டியே, இப்ப என்ன பண்ணப் போற?" நக்கலாகத் தெரியவில்லை. இருந்தாலும் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூன் 10, சனி

மேகம், மழை இல்லை. முட்டை வந்தது, ஆறு உடைசல்.

ஏகாம்பரம் அளவு கேட்டு வந்தார். முக்காலி ஒன்று போதும் என்றேன். எங்கே போட என்று கேட்டார். கிழக்கு வரப்பில். மதகு மூடியே இருக்கிறதா என்று தினமும் உட்கார்ந்து பார்க்க. கொஞ்சம் உயரமாகவே செய்யச் சொன்னேன், உப்பளத்திலிருந்து பார்த்தால் என் தலை தெரிய வேண்டும்.